தலைமாட்டு நாற்காலி

பாதி ஆயுசை ஷெஃபீல்டில் பஸ் ஓட்டியே கழித்த டெனிஸ் பிராம்லியை ஒரு பஸ்ஸில் பயணியாக உட்கார வைப்பது, அந்த பஸ்ஸின் டிரைவருக்குச் செய்கிற துரோகம். வெதர்லோ போகிற குட்டி பஸ்ஸில் அவள் டிரைவருக்கு நேர் பின் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். மடியில் கேக் டப்பா, தலையில் புதுத் தொப்பி. வழி நெடுக வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள்.

ஒரு வளைவில் எதிரே டிராக்டர் வந்தது. பாதையோ ஒரு ஆடு குறுக்கே படுத்தால் அடைத்துக்கொள்கிற அகலம். டிரைவர் நெவில் பெருமூச்சு விட்டுவிட்டு பஸ்ஸைப் பின்னால் எடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் ஒடிங்க. சுவர் உரசப் போகுது," என்றாள் டெனிஸ்.

நெவில் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அம்மா, இந்தச் சுவரை எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். என் பொண்டாட்டியைவிட இதைத்தான் அதிகம் பார்த்திருக்கேன்."

"அப்ப அதுல இருக்கிற கீறல் எல்லாம் உங்க கைவண்ணம்தானா?"

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நெவில் அதற்கப்புறம் ஊர் வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

டெனிஸுக்கு அது உறைக்கவும் இல்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்திருந்தாள், அவ்வளவு சந்தோஷம். அவளுடைய ஒரே மகன் கீரன் மலையேற வந்த இடத்தில் வெதர்லோக்காரப் பெண் பிரையனியைப் பார்த்து, மலையை மறந்துவிட்டான். இலையுதிர் காலத்தில் கல்யாணம். அதற்குப் பிறகு இங்கேயே தங்கி மாமனாரோடு சேர்ந்து ஆடு வளர்க்கப் போகிறான். வீட்டில் ஒரு பூனைகூட வளர்த்தறியாத பயல். சம்பந்தி வீட்டை டெனிஸ் இன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கப் போகிறாள். அதுவும் ஊரே ஊற்றுக்குப் பூ ஜோடிக்கிற நேரத்தில். தண்ணீருக்கு நன்றியாக வருஷா வருஷம் பூவிதழால் ஒரு படம் செய்து ஊற்றின் பின்னால் நிறுத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். நாளைக்குப் பாதிரியார் வந்து ஊற்றை ஆசீர்வதிப்பார், சுற்றுவட்டாரமே திரண்டு வரும்.

சந்தோஷத்துக்கு அடியில் ஒரு முள்ளும் இருந்தது. மகன் இந்த ஊர்க்காரன் ஆகிவிடுவான், சரி. அவள் யாராக ஆவாள்? கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை வந்து, நல்ல சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, "இன்னொரு கப் டீ?" என்று எல்லோரும் மரியாதையாகக் கேட்கிற விருந்தாளி. அந்த மரியாதை அவளுக்கு வேண்டாம்.

பஸ் நின்ற இடத்தில் அவளை அழைத்துப்போக ஒருவரும் இல்லை. ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, சாம்பல் நிறக் கல் வீடுகள் கொஞ்சம். மொத்த ஊரும் ஒரு பஸ் டிப்போவுக்குள் அடங்கிவிடும். நடுவே கல் தொட்டியில் ஊற்று சலசலத்தது. அதன் பின்னால் வெறும் மரச்சட்டம் ஒன்று நின்றது. பக்கத்தில் காசு போட ஒரு வாளி. நல்ல சகுனமாக இருக்கட்டும் என்று டெனிஸ் ஒரு பவுண்டு காசை எடுத்து அதில் போட்டாள்.

"வெளியூரா?" என்றது ஒரு குரல். சுவர்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார் ஒரு சிவந்த மூஞ்சிக்காரர்.

"எப்படித் தெரியும்? தொப்பியைப் பார்த்தா?"

"காசு போட்டீங்களே. இந்த ஊர்க்காரங்க இந்த வாளியில போட மாட்டாங்க. எங்க தண்ணிக்கு நாங்களே காசு போடுறதா?" அவர் கீழே குதித்துக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "நீங்க கீரனோட அம்மாவா இருக்கணும். மூக்கு அப்படியே இருக்கு. நான் கிளிஃப். பிரையனியோட அப்பா. எல்லாரும் கொட்டகையில இருக்காங்க. யாரும் எழுந்து வந்து கையைப் புடிச்சிக் குலுக்கலைன்னு கோவிச்சுக்காதீங்க. எல்லார் கையிலயும் களிமண்ணு."

கொட்டகைக்குள் நுழைந்ததும் டெனிஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

கதவு அகலத்துக்கு ஒரு பெரிய பலகை, மரக்கால்கள்மேல் படுக்கையாகக் கிடந்தது. அதன்மேல் ஈரக் களிமண் பூசி, மண்ணில் பைபிள் கதையில் வெள்ளத்திலிருந்து மிருகங்களைக் காப்பாற்றிய நோவாவின் பேழையைக் குத்திக் குத்தி வரைந்திருந்தார்கள். கோடுகள் எல்லாம் காப்பிக்கொட்டை. பேழை மரப்பட்டையில் செய்தது. ஆட்டுக்கு நிஜ ஆட்டு ரோமம். பலகையைச் சுற்றி ஊரே குனிந்து, பூவிதழ்களை ஒவ்வொன்றாக விரல் நுனியால் மண்ணில் அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் கீரனும் இருந்தான். அவன் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு ஒட்டகச்சிவிங்கிக்குச் சாமந்தி இதழில் தோல் போர்த்திக்கொண்டிருந்தான்.

"அம்மா, வந்துட்டியா? கிட்ட வராதே, கழுத்து அசைஞ்சிடும்," என்றான்.

"பெத்தவளைப் பார்த்துச் சொல்ற முதல் வார்த்தையாடா இது?" என்றாள் டெனிஸ். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பலகையின் கால்மாட்டிலிருந்து ஒரு நெட்டையான பெண் நிமிர்ந்தாள். முழங்கை வரை மண். பிரையனியின் அம்மா ஹிலரி. பூவேலை முழுக்க அவள் பொறுப்பில். அவள் டெனிஸின் தொப்பியைப் பார்த்தாள், கேக் டப்பாவைப் பார்த்தாள், கடைசியாகக் கைகளைப் பார்த்தாள்.

"நல்ல விரலு. நடுங்குமா?"

"பஸ் ஓட்டுற கைங்க. நடுங்கினா வேலைக்கு ஆகாது."

"அப்ப தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு உட்காருங்க. வானம் பாக்கி கிடக்கு. நாங்க இன்னும் புறாவையே முடிக்கல."

விருந்தாளிக்கு டீ இல்லை, சோபா இல்லை. டெனிஸுக்குத் தலைகால் புரியவில்லை. பலகையைச் சுற்றி இடம் தேடினாள். பக்கங்களில் நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள். படத்தின் தலைமாட்டில் மட்டும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் டீக்கோப்பைகளை வைத்திருந்தார்கள். அவற்றைத் தரைக்கு இறக்கிவிட்டு அதில் உட்கார்ந்தாள்.

ஹிலரி புறாவின் இறக்கையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "கூரைக்கு ஓடு போடுற மாதிரிதான். உங்க பக்கத்துலேருந்து ஆரம்பிச்சு அந்தப் பக்கமாப் போங்க. ஒவ்வொரு இதழும் முந்தினதோட ஓரத்தை மூடணும். தண்ணி உள்ள போகக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். டெனிஸ் நீல ஹைட்ரேஞ்சியா கூடையை மடியில் இழுத்துக்கொண்டாள். முதல் இதழ் மண்ணில் ஒட்டிக்கொண்டது. வரிசை வரிசையாக வானம் வளர்ந்தது. பலகையின் பக்கவாட்டில் குனிந்திருந்த பிரையனி, கீரன் ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கப் போய்த் தானே அதைக் குடித்துப் பார்த்த கதையைச் சொன்னாள். டெனிஸ் அவனுடைய சின்ன வயசுக் கதைகளை அதற்கு ஈடாகக் கொடுத்தாள். எதிரே கீரன் காது சிவக்க, ஒட்டகச்சிவிங்கியின் முதுகில் இன்னும் ஆழமாகக் குனிந்துகொண்டான்.

வெளிச்சம் போவதற்குள் வானம் முடிந்துவிட்டது. இவ்வளவு வேகமாக யாரும் வானம் முடித்ததில்லை என்று கிளிஃப் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அன்றைக்கு டெனிஸ் சம்பந்தி வீட்டு மாடியறையில் படுத்ததும் அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

காலையில் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றின் பின்னால் சட்டத்தில் நிறுத்தினார்கள். எல்லோரும் நாலு அடி தள்ளி நின்று பார்த்தார்கள். பேழை அழகு. புறா அழகு. கீரனின் ஒட்டகச்சிவிங்கிகூடப் பரவாயில்லை. ஆனால் வானத்தைப் பார்த்த கிளிஃபின் முகம் மாறியது. கிட்டே போய் ஒரு இதழை விரலால் தட்டினார்.

"ஹிலரி, இதழெல்லாம் வாயை மேல பொளந்துகிட்டு நிக்குது."

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. ஓடு என்றால் கீழ் வரிசையிலிருந்து மேலே போக வேண்டும். டெனிஸ் உட்கார்ந்திருந்ததோ தலைமாட்டில். அவள் பக்கம் என்பது படத்தின் உச்சி. உச்சியிலிருந்து கீழே இறங்கியிருக்கிறாள். ஒரு வாளி மழை விழுந்தால் போதும், ஒவ்வொரு இதழும் தண்ணீரை ஏந்திக் குடித்து, மண்ணோடு உருவிக்கொண்டு வந்துவிடும். மேற்கே மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஆசீர்வாதமோ பிற்பகலில்.

எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த மரியாதைதான் டெனிஸைச் சுட்டது. 'உங்க பக்கத்துலேருந்து' என்று சொன்னது யார் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வாய்வரைக்கும் வந்தது. ஹிலரி வெளுத்த முகத்தோடு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெனிஸ் வாயை மூடிக்கொண்டாள்.

"பிச்சுட்டுத் திரும்ப ஒட்டலாம்," என்றாள்.

"எதை ஒட்டுறது?" என்றாள் ஹிலரி. "ஊருல இருந்த நீலம் மொத்தமும் அதுலதான் இருக்கு. பிச்சா கிழிஞ்சிடும்."

கீழே பாதையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சனிக்கிழமை பஸ், பள்ளத்தாக்கு நெடுகப் போய்ச் சந்தை ஊரைத் தொட்டுவிட்டு மதியத்துக்குள் திரும்பி வருகிற பஸ்.

"மண்ணைக் காயவிடாமப் பார்த்துக்கங்க," என்று சொல்லிவிட்டு டெனிஸ் ஓடினாள். ஓடுகிறபோதே கொட்டகை வாசலில் கிடந்த காலி வாளிகளைக் கை கொள்ளுமட்டும் அள்ளிக்கொண்டாள். பின்னாலேயே பிரையனியும் இன்னும் நாலு வாளியோடு ஓடிவந்தாள்.

நெவில் அவளைப் பார்த்ததும் கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. டெனிஸ் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். வழியில் நீலப் பூ தெரிகிற தோட்டத்தில் எல்லாம் பஸ்ஸை நிறுத்த வேண்டும்.

"நிறுத்தம் இல்லாத இடத்துல நிறுத்தக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். என் பஸ்ஸா இருந்தா நானும் நிறுத்த மாட்டேன்."

நெவில் முகவாயைச் சொறிந்தார். பின்னால் இருந்த பெண்கள் ஏற்கெனவே வாளிகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். "ஒரே ஒரு நிபந்தனை. என் டிரைவிங்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. மூச்."

டெனிஸ் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீலம் தெரிந்தால் நெவில் ஹாரனை அழுத்துவார், பஸ் நிற்கும், பெண்கள் வாளியோடு இறங்கி ஓடுவார்கள். சந்தைக்குப் புறப்பட்டவர்களுக்குச் சந்தையே மறந்துபோயிற்று. பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் ஒரு வாளி. பால் பண்ணையில் அரை வாளி. ஒரு கிழவர் தன் செடியைத் தானே வெட்டிக் கொடுத்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் பஸ்ஸிலும் ஏறிக்கொண்டார். வளைவில் நெவில் சுவரை உரசிக்கொண்டு பின்னால் எடுத்தபோது டெனிஸ் கைக்குட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கண்ணாடியில் அதைப் பார்த்த நெவில் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆனாலும் போதவில்லை. பாதி வானம்தான் தேறும்.

"பக்கத்து ஊரு ஓவர்டேல்ல வேண்டிய மட்டும் இருக்கு," என்றாள் பிரையனி. "ஆனா கொடுக்க மாட்டாங்க. அடுத்த வாரம் அவங்க ஊத்துக்கு ஜோடிக்கணும். அதோட போன வருஷம் எங்கப்பா அவங்க படத்தைப் பார்த்துட்டு, அது சிங்கமா தேநீர்க் கெட்டிலான்னு கேட்டுட்டாரு."

ஓவர்டேலில் ஒரு வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்கு நீலம் நீலமாகப் பூத்துக் குலுங்கியது. வீட்டுக்காரி கையில் கத்தரிக்கோலோடு நின்றாள்.

"வெதர்லோவுக்கா? காஞ்ச இலைகூடக் கிடையாது," என்றாள் அவள். "ஏன், உங்க ஊரு பூவெல்லாம் என்ன ஆச்சு?"

டெனிஸ் பொய் சொல்லலாம். ஆடு தின்றுவிட்டது என்று சொன்னால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் நம்புவார்கள். ஆனால் அவளுக்குப் பொய் வராது. "என் பையன் அந்த ஊருப் பொண்ணைக் கட்டிக்கப் போறான். நேத்துதான் நான் முதல் தடவையா வந்தேன். வானத்தை என்கிட்ட கொடுத்தாங்க. நான் தலைகீழா ஒட்டிட்டேன்."

வீட்டுக்காரி ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இங்க வாங்கடி எல்லாரும். வெதர்லோக்காரங்க வானத்தைத் தலைகீழா ஒட்டியிருக்காங்களாம். நீங்களே இவங்க வாயால கேளுங்க."

டெனிஸ் கேட்டவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னாள். புதிதாக ஒருத்தி வந்து சேரும்போதெல்லாம் ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கடைசியில் வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாங்க ஊத்துக்கு இத்தனை வருஷம் ஜோடிச்சதுல இப்படி ஒரு சந்தோஷம் கிடைச்சதில்ல. எடுத்துக்கங்க. மத்தியானம் நாங்களும் பார்க்க வருவோம்," என்றாள். எல்லா வாளியும் நிறைந்தது.

வெதர்லோவில் பலகையை மறுபடியும் படுக்கப்போட்டு, வானத்தை வழித்து, புது மண் பூசித் தயாராக வைத்திருந்தார்கள். ஹிலரி வாளிகளை எண்ணவில்லை, பூவை முகர்ந்து பார்த்தாள்.

"ஓவர்டேல் பூவு."

"ஆமா."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். நான் தப்பா ஒட்டிட்டேன்னு."

"நீங்கன்னா?"

"நான்தான். வேற யாரு ஒட்டினது?"

ஹிலரி போய்த் தலைமாட்டு நாற்காலியை ஒரு கையால் தூக்கிவந்து, கால்மாட்டில் தன் நாற்காலிக்கு ஒட்டினாற்போல் போட்டாள். அதைத் தட்டிக் காட்டினாள். இருவரும் தோளோடு தோள் இடிக்க, எட்டி எட்டி, கீழ் வரிசையிலிருந்து வானத்தை ஏற்றினார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் அத்தனை பேரும் இதழ் கிள்ளிக் கொடுத்தார்கள். நெவில் பஸ்ஸை மதுக்கடை வாசலில் போட்டுவிட்டு வந்து, உச்சி வரிசையை நாலு விரற்கடை தானே ஒட்டினார். அது கொஞ்சம் கோணல். டெனிஸ் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

பாதிரியார் ஜெபத்தை ஆரம்பித்த வேளைக்குச் சரியாக மழை வந்தது. தூறல் இல்லை, கொட்டி எடுத்தது. ஓவர்டேல் பெண்கள் குடைகளோடு முன்வரிசையில் நின்றார்கள், கூத்துப் பார்க்க வந்தவர்கள். பாதிரியார் தன் பாட்டுக்கு ஜெபத்தைச் சொன்னார். அவரை ஒருவரும் பார்க்கவில்லை, அவரும் ஒரு கண்ணைப் பூ வானத்தில்தான் வைத்திருந்தார். தண்ணீர் உச்சியில் விழுந்து, இதழிலிருந்து இதழுக்கு வழிந்து, பேழையைத் தாண்டிச் சொட்டியது. நீலம் இன்னும் நீலமானது. ஒரு இதழ், ஒரே ஒரு இதழ் அசைந்தாலும் டெனிஸ் செத்துப்போவாள் போலிருந்தது.

ஒன்றுகூட அசையவில்லை. நெவிலின் கோணல் வரிசையும் அசையவில்லை.

மழை ஓய்ந்ததும் கைதட்டல் எழுந்தது. கீரன் ஓடிவந்து அம்மாவைத் தூக்கிச் சுற்றினான். "இறக்குடா, இடுப்பு புடிச்சுக்கும்," என்று அவன் முதுகில் குத்தினாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

சுற்றுவட்டார ஜனங்கள் வரிசையாக ஊற்றைச் சுற்றி வந்து வாளியில் காசு போட்டார்கள். டெனிஸ் அந்த வரிசையிலேயே வந்தாள். வாளி பக்கத்தில் வந்ததும் கைப்பையைத் திறந்து ஒரு காசை எடுத்தாள்.

ஹிலரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பக்கத்துலேருந்து ஆரம்பிங்கன்னு சொன்னது நான்," என்றாள் தாழ்ந்த குரலில். "தலைமாட்டுல நாங்க யாரும் உட்காருறதே இல்ல. நீங்க எங்க உட்கார்ந்திருக்கீங்கன்னு நான் நிமிர்ந்தே பார்க்கல. காலையில அத்தனை பேர் முன்னாடி ஏன் அதைச் சொல்லல?"

"சம்பந்தி வீட்டுல முதல் நாளேவா?" என்றாள் டெனிஸ். "சண்டைக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் கிடக்கு."

ஹிலரி சிரிக்கவில்லை. மணிக்கட்டையும் விடவில்லை. "அடுத்த வருஷம் ஒரு வாரம் முன்னாடியே வந்துடுங்க. களிமண்ணு மிதிக்க ஆள் வேணும். உங்க காலு நல்ல அகலம்." பிறகு டெனிஸின் கையில் இருந்த காசைப் பிடுங்கி, அவளுடைய கைப்பைக்குள்ளேயே போட்டுப் பூட்டினாள். "இது வெளியாளுங்க போடுற வாளி."

டெனிஸ் நீலச் சாயம் ஏறிய விரல்களால் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். வரிசையில் அடுத்து வந்தது ஓவர்டேல் வீட்டுக்காரி. வானத்தை மேலும் கீழும் பார்த்து, குறை எதுவும் கண்டுபிடிக்க முடியாமல், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வாளியில் ஒரு காசைப் போட்டாள்.

டெனிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வெளியூரா?" என்றாள்.